காலையில் பிடிக்க வேண்டிய தூக்கம்

மே மாதக் கடைசியில் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் ஒரே சண்டை நடக்கிறது. தேர்வு முடிந்த நாளிலிருந்து பிள்ளையின் இரவு நீண்டுகொண்டே போயிருக்கும். முதலில் ஐ.பி.எல். ஆட்டம் முடியும்வரை, பதினொன்றரை. பிறகு நண்பர்களோடு கேம், ஒரு மணி. அப்புறம் காரணமே இல்லாமல் மூன்று மணி. காலை டிபன் மதியச் சாப்பாட்டோடு சேர்ந்துவிடும். கல்லூரி திறக்க நாலு நாள் இருக்கும்போதுதான் வீட்டுக்கு உறைக்கும். "இன்னிலேர்ந்து பத்து மணிக்குப் படுத்தாகணும்" என்று அப்பா உத்தரவு போடுவார். பிள்ளையும் ஒழுங்காகப் போய்ப் படுக்கும். பன்னிரண்டு மணிக்குப் புரண்டுகொண்டிருக்கும். ஒரு மணிக்குப் போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரியும்.

இது அப்பா வைத்தியம். விடுதி வைத்தியம் வேறு: "ஒரு ராத்திரி பூரா முழிச்சிரு மச்சான், மறுநாள் எட்டு மணிக்கே தூக்கம் தள்ளும், அதோட எல்லாம் செட் ஆயிடும்." இரண்டுமே கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன. இரண்டுமே பெரும்பாலும் தோற்கின்றன. பிள்ளையின் பிடிவாதத்தை இதற்குக் குறை சொல்வது தவறு. தூக்க நேரத்தைத் திருத்த நினைக்கிறவர்கள் இரவோடு மல்லுக்கட்டுகிறார்கள். திருத்தக்கூடிய இடம் காலை.

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்பது இன்று இத்துறையின் அடிப்படைப் பாடம். 1982-இல் சூரிச் நகரில் அலெக்சாண்டர் போர்பேய் அதை வகுத்துச் சொன்னார். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து அசதி ஏறுகிறது, தூங்கினால் வடிகிறது. இது ஒன்று. மற்றொன்று, அசதியைப் பொருட்படுத்தாமல் தன் போக்கில் ஓடும் உடல் கடிகாரம். இரவு முழுக்கக் கண்விழித்தால் அசதி மட்டும் எகிறும். மறுநாள் எட்டு மணிக்குத் தூக்கம் ஆளை அடித்துப் போடும் என்பது உண்மைதான். ஆனால் கடிகாரம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கும். அசதி தீர்ந்த அடுத்த இரவு, பழைய மூன்று மணி திரும்பிவிடும்.

பத்து மணி உத்தரவு தோற்பதற்கான காரணம் இன்னும் சுவாரசியமானது. இஸ்ரேலின் டெக்னியான் பல்கலைக்கழகத்தில் பெரெட்ஸ் லவீ 1980-களில் ஒரு விசித்திரமான சோதனை நடத்தினார். ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் ஏழு நிமிடம் படுத்துத் தூங்க முயல வேண்டும், பதின்மூன்று நிமிடம் எழுந்து உட்கார வேண்டும், மறுபடி ஏழு நிமிடம் படுக்க வேண்டும். இரவும் பகலும் இப்படியே. எந்த நேரத்தில் தூக்கம் சுலபமாக வருகிறது, எப்போது எவ்வளவு முயன்றாலும் வர மறுக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. தூக்கம் மிகவும் முரண்டு பிடித்த நேரம், வழக்கமாகத் தூங்கப் போவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம். மூன்று மணிக்குத் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு நள்ளிரவு பன்னிரண்டு என்பது நாளிலேயே மூளை தெளிவாக இருக்கும் நேரங்களில் ஒன்று. அந்த நேரத்தில் அதைத் தூங்கச் சொல்வது, பத்து மணிக்குத் தூங்கும் அப்பாவை ஏழு மணிக்கே போய்ப் படுங்கள் என்று சொல்வதற்குச் சமம்.

படுத்துப் புரள்வதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் விழித்துக் கிடந்தால், கட்டிலைப் பார்த்தாலே விழிப்பு வரும் பழக்கம் ஏறிவிடும். தூக்கமின்மைக்கு 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் வகுத்த சிகிச்சை, தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழுந்து போகச் சொல்கிறது. நம் வீடுகளில் தலைகீழ்: "கண்ணை மூடிட்டுப் படு, தானா வரும்."

இந்தக் கடிகாரம் யாரும் கண்ட கனவல்ல. 1729-இல் பிரான்ஸைச் சேர்ந்த தோர்த்தூஸ் தெ மெரான், தொட்டாற்சுருங்கி போன்ற ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயில் படாமலேயே அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் கூம்பின. 1962-இல் மிஷெல் சிஃப்ர் என்ற 23 வயது நிலவியல் ஆய்வாளர் கைக்கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலையின் ஸ்காராசோன் குகைக்குள் இறங்கினார். ஜூலை 16-இல் இறங்கியவருக்குச் செப்டம்பர் 14-இல் சோதனை முடிந்தது என்று சொன்னபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. மனக்கணக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிசகியிருந்தது. உடம்போ கிட்டத்தட்ட ஒரு நாள் சுற்றிலேயே தூங்கி விழித்திருந்தது. ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் தள்ளிப் போனது, அவ்வளவுதான்.

எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதைப் பிற்பாடு அளந்தார்கள். ஹார்வர்டில் சார்லஸ் செய்ஸ்லரின் குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனித உடல் கடிகாரத்தின் சராசரிச் சுற்று 24 மணி 11 நிமிடம். விடுமுறைக் கதை முழுவதும் இந்தப் பதினொரு நிமிடத்தில் அடங்கியிருக்கிறது. தினமும் யாராவது திருகிச் சரிசெய்யாவிட்டால் நம்மில் பெரும்பாலோரின் கடிகாரம் தாமதமாகும் பக்கம்தான் நழுவும். அதோடு இரவு வெளிச்சமும் சேர்ந்தால் நழுவல் வேகமெடுக்கும். பிள்ளையைச் சீக்கிரம் தூங்க வைப்பது மலை ஏறுவதாகவும், தாமதமாகத் தூங்க விடுவது இறக்கமாகவும் இருப்பது இதனால்தான். அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பும் அம்மாக்களுக்கும் இது தெரியும். மேற்கே பறக்கும்போது நாள் நீள்கிறது, உடம்பு ஒருவாறு ஒத்துழைக்கிறது; கிழக்கே பறக்கும்போது நாள் சுருங்குகிறது, உடம்பு முரண்டு பிடிக்கிறது.

கடிகாரத்தைத் தினமும் திருகுவது யார்? முதன்மையாக வெளிச்சம். கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு முடிச்சு ஒன்று இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். அதற்குச் செய்தி அனுப்பும் அணுக்கள் விழித்திரையில் தனியாக உள்ளன என்பதை 2002-இல் டேவிட் பெர்சன் காட்டினார். உருவங்களைப் பார்ப்பது அவற்றின் முதன்மை வேலை அல்ல; வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று அளந்து சொல்வதே வேலை. முற்றிலும் பார்வையிழந்தவர்கள் சிலருக்கும்கூட வெளிச்சம் கடிகாரத்தைத் திருத்துவது இதனால்தான்.

வெளிச்சம் மட்டும்தானா என்ற கேள்விக்கு மதுரையில் ஒரு நல்ல பதில் கிடைத்தது. ஜெர்மனியில் எர்வின் பியூனிங்கிடம் ஆய்வு செய்துவிட்டு வந்த எம்.கே.சந்திரசேகரன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வை வளர்த்தவர். வெளி வெளிச்சமும் கடிகாரமும் எட்டாத தனிமை அறையில் மனிதர்களைத் தங்கவைத்து ஆராயும் வசதியும் அங்கே இருந்தது. ஆனால் இங்கே சொல்ல வேண்டியது வௌவால் கதை. மதுரையைச் சுற்றிய குகைகளில் இலைமூக்கு வௌவால்கள் கூட்டமாக வாழ்கின்றன. சந்திரசேகரன், மாரிமுத்து உள்ளிட்டோர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இது: வெளிச்சம் எட்டாத குகையின் உள்ளே, கூண்டில் ஒரு வௌவாலைத் தனியாக அடைத்து அதன் நடமாட்டத்தைப் பதிவு செய்தார்கள். அதற்கு அந்தியும் தெரியாது, விடியலும் தெரியாது. ஆனாலும் கூட்டம் வாழும் குகையில் இருந்தவரை, மற்றவை அந்தியில் கிளம்பும் நேரத்தோடு அதன் கடிகாரமும் ஒத்தே ஓடியது. கூட்டமில்லாத குகையில் வைத்தபோது அதன் நேரம் தன் போக்கில் நழுவத் தொடங்கியது.

மனிதர் வௌவால் அல்ல. வெளிச்சம் நமக்கு மிக வலுவான குறிப்பு. ஆனாலும் நம் வீடுகளை நினைத்துப் பார்த்தால் மதுரைக் குகை நெருக்கமாகத்தான் தெரிகிறது. ஹாலில் பதினொன்றரை வரை டிவி ஓடுகிறது. அப்பா ஒன்பதே முக்காலுக்கு வேலையிலிருந்து வருகிறார், பத்தேகாலுக்குத் தோசை ஊற்றுகிறார்கள். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் அதே ஹாலில்தான் பிள்ளை படுக்க வேண்டும். கூட்டம் முழுவதும் நள்ளிரவில் விழித்திருக்க, கூட்டத்தில் ஒன்றை மட்டும் பத்து மணிக்குத் தூங்கு என்றால் எப்படி நடக்கும்? கெட்டுப்போன தூக்க நேரத்தை ஒரு ஆளின் ஒழுக்கக் கேடாகப் பார்ப்பதைத்தான் முதலில் கைவிட வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? படுக்கும் நேரத்தை விட்டுவிட்டு, எழும் நேரத்தைப் பிடிக்க வேண்டும். தூக்கம் வருவது நம் கையில் இல்லை. எழுந்து வெளியே போவது கையில் இருக்கிறது. எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போனால் கடிகாரம் கொஞ்சம் முன்னே நகரும், அன்றிரவு தூக்கம் கொஞ்சம் முன்னதாக வரும்.

இந்த இடத்தில்தான் நல்லெண்ணத்தோடு ஒரு பெரிய பிழை செய்கிறார்கள். மூன்று மணிக்குத் தூங்கும் பிள்ளையை ஐந்தரைக்குத் தட்டி எழுப்பி, "வா, கிரவுண்டுக்குப் போலாம்" என்று இழுத்துப் போகிறார்கள். வெளிச்சம் கடிகாரத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்பது அது படும் நேரத்தைப் பொறுத்தது. உடல் வெப்பம் அன்றைய நாளில் மிகக் கீழே இறங்கும் ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்னால் அது வரும். அதற்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். அதற்கு முன் படும் வெளிச்சம் பின்னே தள்ளும். பதினொன்றுக்கு எழும் பிள்ளைக்கு அந்தக் கட்டம் காலை எட்டு, எட்டரை. ஆகவே ஐந்தரை மணிக் கிரவுண்டு வெளிச்சத்தை அதன் மூளை முன்னிரவு வெளிச்சமாகவே எடுத்துக்கொள்ளும். அன்றிரவு தூக்கம் இன்னும் தாமதமாகலாம். பிறகு, "எவ்வளவு செஞ்சாலும் இவனுக்கு ஏறாது" என்று ஒரு தீர்ப்பு.

ஆகவே படிப்படியாகத்தான் வர வேண்டும். பதினொன்றுக்கு எழுகிறவர் முதல் இரண்டு நாள் பத்தரைக்கு எழலாம், எழுந்த கையோடு மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ போகலாம். பிறகு பத்து, ஒன்பதரை. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் நகர்த்துவது பெரும்பாலோருக்கு முடியும். ஒரு மணி நேரம் என்பது நன்றாக ஒத்துழைக்கும் உடம்புக்கு. பதினொன்றிலிருந்து ஆறு மணிக்கு வர ஐந்து மணி நேரத்தை நகர்த்த வேண்டும், அதாவது பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை வேண்டும். நாலு நாளில் முடிகிற வேலை அல்ல இது. இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் "இன்னிக்கு ஒரு நாள் தூங்கட்டும், பாவம்" என்று மதியம் வரை விட்டால் வாரத்தின் உழைப்பில் பாதி போய்விடும்.

மே மாதம் பத்து மணிக்கு மொட்டை மாடியா என்று சென்னைக்காரர்கள் கேட்பது நியாயம். வெயிலில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. வேப்ப மர நிழலோ தாழ்வாரமோ போதும். டியூப்லைட் எரியும் ஹாலில் நூறு முதல் முந்நூறு லக்ஸ் வெளிச்சம் இருக்கும். மேகம் மூடிய நாளில்கூட வெளியே அது பல ஆயிரம், நல்ல வெயிலில் லட்சத்தை நெருங்கும். கண்ணுக்கு ஹால் வெளிச்சமும் வாசல் வெளிச்சமும் ஏறத்தாழ ஒன்று போலத் தோன்றுவது கண் செய்யும் ஏமாற்று. கடிகாரத்துக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரைட், 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, எட்டுப் பேரை ஒரு வாரம் ராக்கி மலையில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். பகலில் சூரியன், இரவில் நெருப்பு வெளிச்சம். போன் இல்லை, டார்ச்கூட இல்லை. ஒரே வாரத்தில் அவர்கள் உடம்பில், இரவு வந்ததைச் சொல்லும் மெலடோனின் சுரக்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னே வந்துவிட்டது. இரவுப்பறவைகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களிடம்தான் மாற்றம் அதிகம்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு அதிர்ஷ்டக்கார இடம். சென்னையில் வருடம் முழுவதும் சூரிய உதயம் ஏறக்குறைய ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில்தான். குளிர்காலத்தில் ஒன்பது மணிக்குப் பொழுது விடியும் ஐரோப்பிய ஊர்களில் விளக்குப் பெட்டி வாங்கிவைத்து அதன் முன் உட்காருகிறார்கள். இங்கே வாசல் தெளித்துக் கோலம் போட வெளியே வருகிறவருக்கு அது சும்மா கிடைக்கிறது. அடுக்குமாடி வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஏசி அறையில் எழுந்து, அப்படியே கார் ஏறி அலுவலகம் போகிறவருக்குத்தான் கிடைப்பதில்லை.

இரவுப் பக்கம் வருவோம். போன் வெளிச்சத்தைத் திட்டாத தூக்கக் கட்டுரையே இல்லை. திட்டு கொஞ்சம் கூடுதல் என்றே தோன்றுகிறது. 2015-இல் வெளியான, அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வில், படுக்கும் முன் நாலு மணி நேரம் முழு வெளிச்சத்தில் டேப்லட்டில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடத் தூக்கம் வர ஆன தாமதம் சுமார் பத்து நிமிடம்தான். அவர்களுடைய கடிகாரம் தள்ளிப்போனது உண்மை, அதை ஒதுக்க முடியாது. ஆனால் மூன்று மணி வரை பிள்ளையை விழித்திருக்க வைப்பதில் திரையின் நீல நிறத்தைவிட, முடிவே இல்லாமல் வரும் ரீல்ஸுக்குப் பங்கு அதிகம். திரையை மஞ்சளாக்கிவிட்டு அதே ரீல்ஸைப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுப்பதில் பயன் உண்டு. அப்பா போனும் சேர்ந்து ஹாலில் இருந்தால் இன்னும் நல்லது.

காபிக்கு வேறு கணக்கு. காபியில் உள்ள கஃபீன், அசதியைச் சொல்லும் அடினோசினின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே போன கஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஐந்து மணிக்குக் கெட்டி டிகாக்‌ஷனில் குடித்த டம்ளரில் பாதி, இரவு பத்துக்கும் உடம்பில் இருக்கும். நேரத்தைத் திருத்தும் அந்த இரண்டு வாரமாவது மதியத்துக்குமேல் காபியையும் டீயையும் நிறுத்துவது உதவும். நள்ளிரவு பிரியாணியும் இதே ரகம்; கல்லீரல் போன்ற உறுப்புகளின் கடிகாரங்கள் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து ஓடுபவை.

மதியத் தூக்கத்தைத் தடைசெய்யத் தேவையில்லை. சென்னையிலேயே நடந்த ஒரு பெரிய ஆய்வு இதில் பலரையும் யோசிக்க வைத்தது. ஃபிராங்க் ஷில்பாக், கௌதம் ராவ் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரைக் கணினியில் தரவுப் பதிவு வேலைக்கு எடுத்து, கையில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். முடிவுகள் 2021-இல் வந்தன. படுக்கையில் இருந்தது எட்டு மணி நேரம், உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம். புழுக்கம், கொசு, தெரு இரைச்சல் என்று இரவு துண்டு துண்டாகியிருந்தது. கண்மறைப்பு, காதடைப்பு, தலையணை, மின்விசிறி, ஊக்கத்தொகை என்று கொடுத்து இரவுத் தூக்கத்தில் 27 நிமிடம் கூட்டினார்கள். வேலைத் திறனில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் வேலையிடத்திலேயே அரை மணி நேரம் அமைதியாகப் படுக்க இடம் கொடுத்தபோது, வேலையும் மேம்பட்டது, மனநிலையும் மேம்பட்டது. கொடுத்த 27 நிமிடமும் அதே துண்டு துண்டான தூக்கமாக இருந்ததுதான் காரணமோ என்று ஆய்வாளர்களே யோசித்தார்கள். மூன்று மணிக்கு முன்னால், அரை மணி நேரத்துக்குள் முடியும் மதியத் தூக்கம் நேரம் திருத்துகிறவருக்குக் கைகொடுக்கும். நாலு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் அன்றிரவு போச்சு.

இதுவரை சொன்னதெல்லாம், பகலில் விழித்து இரவில் தூங்க வாய்ப்புள்ளவர்களுக்கு. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்கள், அரசு மருத்துவமனைச் செவிலியர்கள், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வாராவாரம் ஷிப்ட் மாறுகிறவர்கள் ஆகியோரிடம் போய் "காலை வெளிச்சத்தில் நில்லுங்கள்" என்றால் சிரிப்பார்கள். காலை வெளிச்சம்தான் அவர்களுக்கு எதிரி. ஆறு மணிக்கு கேப்பில் ஏறி, கிழக்கு வெயில் முகத்தில் அடிக்க வீடு திரும்புகிறவரின் கடிகாரம் பகல்காரர்களின் நேரத்திலேயே கட்டுண்டு கிடக்கிறது. வீட்டில் போய்ப் படுத்தாலும் பதினொரு மணிக்குக் கண் திறந்துவிடுகிறது. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் சார்மேன் ஈஸ்ட்மன் குழு இதற்கு ஒரு சமரச வழியைச் சோதித்துப் பார்த்தது. வேலை நேரத்தில் அவ்வப்போது பிரகாசமான வெளிச்சம், வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, இருட்டறையில் காலை எட்டரை முதல் மூன்றரை வரை தூக்கம். விடுமுறை நாளில் இரவு பத்துக்குப் படுக்காமல் அதிகாலை மூன்று மணி முதல் மதியம் வரை தூங்க வேண்டும். கடிகாரம் இரவுக்காரர் நேரத்துக்கும் பகல்காரர் நேரத்துக்கும் நடுவில் ஓரிடத்தில் நிற்கும். நம்மூரில் காலை ஆறரைக்குக் கூலிங் கிளாஸோடு தெருவுக்குள் நுழைந்தால் கிண்டல் நிச்சயம். போட்டுக்கொண்டே நடக்கலாம்.

ஷிப்ட் அட்டவணை எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தாதுப்பொருள் ஆலையில் ஷிப்ட் வாராவாரம் பின்னோக்கி மாறிக்கொண்டிருந்தது. இரவு, பிறகு மாலை, பிறகு காலை என்ற வரிசை. செய்ஸ்லர் குழு அதைக் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கித் திருப்பி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாறும்படி செய்தது. தொழிலாளர்களின் திருப்தியும் உடல்நலமும் உயர்ந்தன, உற்பத்தியும் உயர்ந்தது. 1982-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இது. உடல் கடிகாரம் தாமதமாகும் பக்கம் சுலபமாக நகரும் என்ற அதே விதி. இதற்கு இயந்திரமோ முதலீடோ தேவைப்படவில்லை. ஓர் அட்டவணையைத் திருப்பிப் போட்டார்கள். இன்றும் இரவு முடித்து இரண்டு நாளில் காலை ஷிப்டுக்கு ஆளைக் கூப்பிடும் இடங்கள் உண்டு. இரவு ஷிப்ட் வேலையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம் அதிகமுள்ளவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்தது, 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதே பட்டியலிலேயே வைத்தது. இதற்குப் பிறகும் அட்டவணையை அலட்சியமாக எழுதுவதற்குச் சாக்கு இல்லை.

மருந்துக்கடையில் கிடைக்கும் மெலடோனினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைத் தூக்க மாத்திரையாக நினைத்துப் படுக்கும்போது விழுங்குகிறார்கள். அது கடிகாரத்துக்குச் சொல்லும் மாலைச் செய்தி. குறைந்த அளவில், தூக்கம் வரும் நேரத்துக்குச் சில மணி நேரம் முன்பே எடுத்தால்தான் நேரத்தை முன்னே இழுக்கும். நேரம் தப்பினால் பின்னே தள்ளவும் செய்யும். புட்டியின் மேல் அச்சிட்ட அளவும் எப்போதும் நம்பகமானதல்ல: கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், சிலவற்றில் அச்சிட்டதைவிட 83 சதவீதம் குறைவாகவும், வேறு சிலவற்றில் 478 சதவீதம் வரை கூடுதலாகவும் இருந்தது. மருத்துவரிடம் கேட்காமல் பிள்ளைகளுக்குக் கொடுப்பது கூடாது. மாதக்கணக்கில் முயன்றும் நேரம் நகரவே இல்லை என்றாலோ, உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தாலோ, மனச்சோர்வு கூடவே இருந்தாலோ, அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். இருமுனை மனநோய் உள்ளவர்கள் விடுதி வைத்தியத்தை விளையாட்டுக்குக்கூட முயலக் கூடாது. ஒரு இரவுத் தூக்கம் கெடுவதே அவர்களை மனவெறிக் கட்டத்துக்குத் தள்ளிவிடலாம்.

திருத்திய நேரத்தைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை. பிரிட்டனில் 60,977 பேரின் கைக்கருவிப் பதிவுகளை வைத்து 2024-இல் வெளியான ஆய்வு, எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பதைவிட, எவ்வளவு ஒழுங்கான நேரத்தில் தூங்கினார்கள் என்பது இறப்பு அபாயத்தோடு நெருக்கமாகத் தொடர்புகொண்டிருக்கிறது என்றது. இது காரணமா, வேறு நோய்களின் அடையாளமா என்பதை இப்படிப்பட்ட ஆய்வு அறுதியிட்டுச் சொல்லாது. ஆனாலும் வாரம் முழுக்க ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு ஞாயிறன்று பதினொன்று வரை தூங்கிச் சரிக்கட்டும் பழக்கத்துக்கு அது ஆதரவாக இல்லை.

இந்தப் பழக்கத்துக்கு இளைஞர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா? பூப்பெய்தும் வயதில் உடல் கடிகாரமே தாமதமாக நகர்கிறது என்பதை மேரி கார்ஸ்கேடன் போன்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக நிறுவி வந்திருக்கிறார்கள். பதினாறு வயதில் பதினொரு மணி வரை தூக்கம் வராதது இயல்பு. அந்த வயதில்தான் நாம் காலை நாலரைக்கு எழுப்பி "படி" என்கிறோம், ஏழரைக்குச் சிறப்பு வகுப்பு வைக்கிறோம், மாலையில் டியூஷன், இரவு ஒன்பதரைக்கு வீடு. நாலரைக்கு எழுப்ப அம்மா நாலு மணிக்கு எழுந்து பால் காய்ச்சுகிறார். 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாக வந்தது. பிள்ளையின் தூக்கத்தைத் திருத்தும் திட்டத்தில் எழுப்பும் வேலை யாருக்கு என்று வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. அப்பாக்கள் அலாரம் வைத்து எழக்கூடியவர்கள்தான்.

கலிபோர்னியா 2019-இல் சட்டம் போட்டது. 2022 ஜூலை முதல் அங்கே உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது. பேருந்து அட்டவணை, பெற்றோரின் வேலை நேரம் என்று அங்கும் எதிர்ப்பு எழுந்தது. நம் பள்ளிகளின் வழக்கமான நேரம் ஏற்கெனவே பெரும்பாலும் ஒன்பதை ஒட்டியே இருக்கிறது, சட்டம்கூட வேண்டாம். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் எட்டரைக்கு முன் சிறப்பு வகுப்பு கிடையாது என்று கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், தனியார் பள்ளிகளையும் சேர்த்து. பள்ளி திறக்கும் ஜூனிலேயே அனுப்பலாம்.